புளியமரத்தடி பிக்கப்

ஓடைத் தண்ணீரை மறித்துத் தன் மீன்குளத்துக்குத் திருப்பிக்கொண்டது ஊர்த் தலைவர் தவின்தான் என்று ஊர்க் கூட்டத்தில் மைக்கை வாங்கிச் சொன்னாள் லம்துவன். மறுநாளே தவினின் வண்டி அவள் வீட்டு முன்னால் நிற்காமல் போயிற்று.

சும்பே சந்தைக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு அந்த ஊரிலிருந்து போனது அந்த வண்டி ஒன்றுதான். மூன்றாம் நாளும் அவள் கூடைகளோடு ரோட்டோரம் நின்றாள். டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போய்விட்டான். கீரையெல்லாம் கூடையிலேயே வாடிப்போனது.

"போய்க் கும்பிட்டு, வாய் தவறிச் சொல்லிட்டேன்னு சொல்லிட்டு வா," என்றான் கணவன் கம்பூன். இருபது வருடம் கரும்பு லாரி ஓட்டியவன். பக்கவாதத்தில் வலது கை விழுந்தபிறகு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியே கதி என்று கிடந்தான்.

"வாய் தவறல. யோசிச்சுத்தான் சொன்னேன்."

"அப்ப கூடையத் தலையில வச்சுக்கிட்டு நட. பதினெட்டு கிலோமீட்டர்."

"ஏன், நம்மகிட்ட வண்டி இல்லையா?"

கம்பூன் அவள் பார்த்த பக்கம் பார்த்தான். புளியமரத்தடியில் பதினோரு வருடமாகச் சக்கரம் புதைந்து நின்றது அவர்களுடைய பழைய டீசல் பிக்கப். ஜன்னல் வழியாகக் கொடி ஏறியிருந்தது. பின்தட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

"அது வண்டியில்ல. கோழிக்கூடு."

"கோழிய இறக்கிவிட்டா வண்டிதான்."

பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து பார்த்தான். "இன்ஜின் இறுகிப்போச்சுக்கா. பழைய இரும்புக்குப் போட்டுருங்க," என்றவன், பைக்கில் ஏறும்போது குரலைத் தாழ்த்தி, "தலைவரைப் பகைச்சுக்கிட்டு நான் இந்தப் பக்கம் தொழில் பண்ண முடியாது," என்றான்.

அன்று மாலையே லம்துவன் கணவனின் பழைய ஸ்பேனர் பெட்டியைத் திறந்தாள். கம்பூன் உதவிக்கு வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆனால் அவள் ஒரு போல்ட்டின் முனையைத் தப்பான ஸ்பேனரால் தேய்த்துக் கெடுப்பதைக் காதால் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்?

"அது பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர். பதினேழை எடு, மூதேவி."

"வாய் மட்டும் நல்லா இருக்குல்ல உனக்கு. நாற்காலிய இங்க இழுத்துப் போட்டு உக்காரு."

நாற்காலி புளியமரத்தடிக்கு வந்தது. அவன் சொன்னபடி டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, நான்கு சிலிண்டருக்குள்ளும் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்தாள். தினமும் காலையில் தோட்டத்துக்குப் போகும் முன், இன்ஜினின் முன்பக்க நட்டில் ஸ்பேனர் மாட்டி, அதில் நீளக் குழாயைச் செருகி, முழு உடம்பையும் போட்டு அழுத்துவாள். இருபத்து மூன்று நாள் அசையவில்லை. இருபத்து நான்காம் நாள் வந்து கம்பூன் அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

"நகந்துச்சு."

"எவ்வளவு?"

சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள்.

"அது போதும்," என்றான் கம்பூன். "இனி மீதியும் நகரும்." கும்பிடப் போகச் சொல்லும் பேச்சை அவன் அதன்பிறகு எடுக்கவில்லை.

காய்கறியைச் சைக்கிளில் கட்டி, ஆறு கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலை ஓரம் விற்றாள். கையில் கொஞ்சம் சேரும்போதெல்லாம் பஸ் ஏறிப்போய் ஒரு பொருள் வாங்கி வந்தாள். ஒரு மாதம் கிளட்ச் தட்டு, அடுத்த மாதம் பிரேக் ரப்பர்கள். மழைக்காலம் முழுக்க தார்ப்பாய் கட்டி அதனடியில் வேலை நடந்தது. துருப்பிடித்து ஓட்டையான வண்டித் தரைக்குத் தகரம் வேண்டியிருந்தது. கோவில் பின்புறக் குப்பையில் ஒரு தகரப் பலகை கிடைத்தது. போன தேர்தலில் தவின் வைத்த விளம்பரப் பலகை. அவர் முகம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

"மனுஷன் முகத்துல கால் வைக்கிறது பெரிய பாவம்," என்று பதறினான் கம்பூன்.

"சரி, முகத்தக் கீழ்ப்பக்கமா வச்சு அடிக்கிறேன். ரோட்டப் பாத்துக்கிட்டு வரட்டும்."

விஷயம் தவின் காதுக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு நாளில் நேரிலேயே வந்துவிட்டார். வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து மட்டும் பார்க்கவில்லை.

"கம்பூன், அடுத்த வாரத்துலருந்து என் வண்டிய இங்க நிறுத்தச் சொல்றேன். உன் பொஞ்சாதி கோவில்ல நாலு பேர் முன்னால ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிட்டா போதும்."

லம்துவன் வாயைத் திறந்தாள். கம்பூன் இடது கையைத் தூக்கி நிறுத்தினான்.

"பொய் சொல்லியிருந்தா நானே இழுத்துட்டு வந்து கும்பிட வச்சிருப்பேன் தலைவரே. சொன்னது நெசமாச்சே. அத எப்படித் திருப்பி வாங்கறது?" என்றான். பிறகு, "சாப்பாட்டு நேரம். சோறு இருக்கு, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க," என்றான்.

தவின் சாப்பிடாமலே போனார். லம்துவன் கணவனைப் பார்த்துக்கொண்டே ஸ்பேனர் பெட்டியைத் திறந்தாள். "பதினேழ எடு," என்றான் அவன்.

பதினான்காம் மாதம் இன்ஜின் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. பிறகு கரும்புகை மரத்தை மூடியது. கோழிகள் நாலாபக்கமும் பறந்தன. வாழ்நாளெல்லாம் கை டிராக்டர் ஓட்டியவளுக்கு ஸ்டியரிங் பழக ஒரு வாரமே பிடித்தது. வண்டிக்குத் தகுதிப் பரிசோதனையும் முடித்து, மாலைச் சந்தை நாளன்று கூடைகளை ஏற்றி, கம்பூனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

தவின் வீட்டு முனையில் அவர் வண்டிக்காகப் பெண்கள் கூடைகளோடு நின்றிருந்தார்கள். லம்துவன் பிரேக்கை மிதித்தாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தவின் வாசலில் நின்றார். கடைசியில் கீழ்வயல்காரி தொங்மி மட்டும் கூடையைத் தூக்கினாள். ஓடைத் தண்ணீர் வராமல் அவள் வயலும்தான் காய்ந்திருந்தது.

"எடம் இருக்காக்கா?"

"ஏறு."

வாய்க்கால் பாலத்து மேட்டில் இன்ஜின் மூச்சுவிட்டு அடங்கியது. டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தது. லம்துவன் இறங்கி பானெட்டைத் திறந்தாள். "குழாய்த் திருக மெதுவா லூஸ் பண்ணு, நுரை நிக்கிற வரைக்கும் பம்ப அடி," என்று உள்ளிருந்தபடியே கம்பூன் சொன்னான். தவினின் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. அவள் நிமிரவில்லை.

சந்தைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வேறு யாரோ கடை விரித்திருந்தார்கள். லம்துவன் பிக்கப்பின் பின்கதவை இறக்கி, அதன்மேலேயே கீரைக்கட்டுகளை அடுக்கினாள்.

"அக்கா, இங்க வச்சு விக்கக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னா?" என்றாள் தொங்மி.

"சொல்லட்டும்," என்றாள் லம்துவன், முதல் கட்டை எடுத்து ஒரு பெண்ணிடம் நீட்டியபடி.