பதினொரு சொற்கள்

“அப்பா, நீ பிரெஞ்சுல தும்முவியா?” என்று செலின் ஒருமுறை தொலைபேசியில் கேட்டாள். அம்மாவோடு லியோனில் இருந்தாள், வயது ஐந்து. புதுச்சேரியில் இருந்த அந்துவான் ஒருமுறை தும்மிப் பார்த்தார்.

அவர்களிடம் போய்ச் சேர ஒரு தாள் வேண்டும். தனக்குப் பிரெஞ்சு எவ்வளவு வரும் என்று அதிகாரியிடம் பிரெஞ்சிலேயே சும்மா அரட்டையடித்தால் தாள் கிடைக்கும். அரட்டைக்கு மூன்று பிரதிகளில் விண்ணப்பம். சொற்களை நாமே கொண்டுபோக வேண்டும். பேசிய சொல் அலுவலகத்துக்குச் சொந்தம்.

அந்துவான் தூக்குவாளியில் பதினொரு சொற்கள் வைத்திருந்தார்.

அலுவலகத் தாழ்வாரத்தில், பக்கத்து நாற்காலியில் பெலாஜி அம்மாள். மகனிடம் போக ஏழு வருடமாக உட்கார்ந்திருந்தாள்.

“பிரெஞ்சு ‘கொஞ்சம்’ இருக்கா தம்பி? அது இல்லாம உள்ள போவாத.”

வாளியைத் துழாவினார். இல்லை.

“இந்தா. எங்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான்.”

“அப்ப நீங்க?”

“என்னைக் கூப்பிட்டாத்தானே! போ, போ.”

அந்துவானைக் கூப்பிட்டார்கள். நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. பாதி வழியில் அவருக்குத் தாடி முளைத்தது.

அரட்டை என்பதால் அதிகாரி செருப்பைக் கழற்றியிருந்தார். அந்துவான் பன்னிரண்டு சொற்களையும் பேசினார். எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு வரும் என்பது பிசிறில்லாமல் வந்தது. அதிகாரி முத்திரையைத் தூக்கினார்.

“உங்களுக்கு நல்லாவே வருது சார்.”

புகழ்ந்தால் மறுக்க வேண்டும் என்று வளர்ந்தவர் அந்துவான். “ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. கொஞ்சந்தான்,” என்று தமிழில் நெளிந்தார்.

முத்திரை தாளில் படாமல் மேசைக்கு இறங்கியது.

“இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அடுத்த அரட்டை பத்தொன்பது வருஷம் கழிச்சு.”

“ஐயா, பொண்ணு...”

“‘கொஞ்சம்’ மட்டும் உங்களுக்கே திரும்புது. அதைத் தமிழ்லயும் சொல்லிட்டதால பிரெஞ்சுல சொன்னது செல்லாது. பத்திரமா வச்சுக்குங்க. இது இல்லாம வந்தா உள்ளயே விட மாட்டோம்.”

திரும்பி வந்தபோது பெலாஜி அம்மாள் சுவர்க் கடிகாரமாகியிருந்தாள். ஆணியில் அவள் குடையும் தொங்கியது. முட்கள் நின்றிருந்தன.

தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை. தும்மல் வந்தது, சத்தம் கேட்டு யாராவது வந்துவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டார். நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். ‘கொஞ்சம்’ என்ற சொல்லை ஊசலுக்குப் பின்னால் வைத்தார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்.

உள்ளே ஊசல் மெதுவாக அசைந்தது.

இறங்கி, நாற்காலியில் பதிந்த கால் தடத்தை வேட்டி நுனியால் துடைத்தார். காலி வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார்.