தப்பு பண்ணல, ஆனாலும்

ஹெட்போனுக்குள் தன் குரலைக் கேட்டதும் ரெண்டாங்குரல் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பாடிய குரலாக இருந்தால் பயம் இல்லை. பாடுவதுதான் அவள் தொழில். பெரிய பாடகிகளின் பாட்டில் பின்னால் நின்று, அவர்கள் குரலுக்கு ஒரு படி மேலேயோ கீழேயோ இழைந்து போவாள். அவள் இல்லாவிட்டால் பாட்டு மொட்டையாக இருக்கும். இருந்தால், இருப்பதே யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஸ்டூடியோவில் அவளுக்கு அந்தப் பெயர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை.

இது பாடிய குரல் இல்லை. பேசிய குரல்.

"இங்கதான் இருக்கேன்... தப்பு பண்ணல, ஆனாலும் மன்னிச்சிடுங்க..."

இரண்டாவது சரணம் முடிந்ததும் தாளமும் கிடாரும் சட்டென்று நின்றன. அந்த வெறுமையில் அவள் வாக்கியம் மட்டும் மூச்சிரைப்போடு வந்தது. பிறகு அதன் கடைசித் துண்டு, 'ஆனாலும் மன்னிச்சிடுங்க', திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு டிரம் கூடச் சேர்ந்தது. அப்புறம் பாட்டு வெடித்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். உச்சிக் கொண்டை போட்ட இளைஞர்; எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். பேசும் பட்டனை அமுக்கினார்.

"எப்படி? புல்லரிக்குதா இல்லையா?"

"மாஸ்டர்... இது எங்க இருந்து வந்துச்சு?"

"உன் வாயில இருந்துதான். போன வாரம் நீ கோரஸ் பாடுறப்ப நடுவுல பேசி வச்சிருக்கே பாரு, அது. கமுக்கமா நின்னுட்டு என்னா நடிப்பு! பல்லவி பாடின அம்மா வந்து இதக் கேட்டா வயிறு எரிஞ்சிடும்."

மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் ஓடவிட்ட ரெக்கார்டிங்கைச் சாயங்காலம் வரை நிறுத்த மாட்டார். ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் நடுவே விழுகிற இருமல், சிரிப்பு, கொட்டாவி எல்லாம் உள்ளே போகும். "பாடுறது பித்தளை, நடுவுல விழுறதுதான் தங்கம்" என்பார். ராத்திரி உட்கார்ந்து அந்தக் குப்பையைக் கிளறி எதையாவது எடுத்துப் பாட்டில் ஒட்டுவார். போன படத்தில் ஒரு தும்மல் ஹிட் ஆனது.

அவளுக்கும் இது தெரியும். தெரிந்தும் அன்றைக்கு மறந்து போனாள்.

மறக்காமல் என்ன செய்வாள்? வீட்டுக்காரர் போன் அடித்தால் மூன்றாவது மணிக்குள் எடுத்தாக வேண்டும். பாடும் அறைக்குள் போன் கூடாது என்பது ஸ்டூடியோ சட்டம். போனை எடுக்காமல் இருக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். இரண்டுக்கும் நடுவே துப்பட்டாவுக்குள் போனை ஒளித்து வைத்திருந்தாள். எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்த நேரம் அது துடித்தது. எங்க இருக்கே, யாரு கூட இருக்கே, ஸ்டூடியோன்னா ஏன் சத்தமே இல்ல. இது சத்தம் வராத அறை என்று சொன்னாள். அவர் நம்பவில்லை. "அப்போ பாடிக் காட்டு" என்றார். பாடிக் காட்டினாள். அதன் பிறகு சொன்னதுதான் இந்த வாக்கியம்.

எதிரே மைக் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பாட்டே அப்படிப்பட்ட பாட்டு. தன்னை நசுக்குகிற ஒருவனை விட்டுப் போக முடியாமல் ஒரு பெண் பாடுவது. 'விட்டுப் போகச் சொல்லாதே, போனால் எனக்கு நான் யாரோ' என்று பல்லவி. துள்ளலான மெட்டு, ஆடத் தோன்றும். நாளைக் காலையில் வெளியாகப் போகிறது. கடை, பஸ், கல்யாண மண்டபம் என்று ஒன்று பாக்கியில்லாமல் ஒலிக்கப் போகிறது. அவள் வீட்டுக்காரர் வேலை செய்யும் ஃப்ரிட்ஜ் கடையில் காலை முதல் இரவு வரை புதுப்பாட்டுதான் ஓடும். அவர் கேட்பார். வீட்டு விஷயத்தை ஊருக்கே ஒப்பாரி வைத்துவிட்டாள் என்று நினைப்பார். அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை, அவளுக்குத்தான் தெரியுமே.

அதைவிட முக்கியம், அவளைக் கூட்டிப் போக அவர் இன்றைக்கு ஆறு மணிக்கு இங்கேயே வருகிறார்.

"மாஸ்டர், அதுல ஸ்ருதி சரியில்ல" என்றாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

"பேச்சுக்கு என்னம்மா ஸ்ருதி?"

"மூச்சு ரொம்ப வருது. அசிங்கமா இருக்கு. நான் திரும்ப நல்லா பேசிக் கொடுக்கறேன். இத எடுத்துட்டு அத வைங்க."

மாஸ்டர் ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். அந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். காது அக்கா என்பார்கள். பக்கத்துக் கட்டிடத்தில் குக்கர் விசில் அடித்தால் எத்தனையாவது விசில் என்று சொல்லிவிடுவாள் என்று ஒரு பேச்சு. அவள் தோளைக் குலுக்கினாள். "ட்ரை பண்ணட்டுமே. காசா பணமா?"

சிவப்பு விளக்கு எரிந்தது. ரெண்டாங்குரல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"தப்பு பண்ணல, ஆனாலும் மன்னிச்சிடுங்க."

"ரேஷன் கடையில வரிசை விட்டு வந்துட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றார் மாஸ்டர். "இன்னொண்ணு."

மறுபடி சொன்னாள். அழுகையைச் சேர்த்துச் சொன்னாள்.

"இப்போ சீரியல். இன்னொண்ணு."

கிசுகிசுத்தாள். கெஞ்சினாள். சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள். பிறகு தரையில் உட்கார்ந்துகூடப் பார்த்தாள். தினமும் சொல்கிற வார்த்தை, தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். ஆனால் இந்தச் சின்ன அறைக்குள், எதிரே யாரும் கோபப்படாதபோது, அது அவள் வாயில் பொய்யாகவே வந்து விழுந்தது. தன் கெஞ்சலைத் தானே ஜெயிக்க வேண்டும் என்று நிற்கிறாளே, இப்படி ஒரு போட்டி உலகத்தில் யாருக்காவது வாய்த்திருக்குமா என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது. அந்தச் சிரிப்பும் ரெக்கார்டு ஆனது.

"முதல்ல பேசினதுல உயிர் இருக்கு. இதுல நீ மட்டும்தான் இருக்கே" என்றார் மாஸ்டர். "விடு, பழசே இருக்கட்டும்."

"மாஸ்டர், ப்ளீஸ். இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"ஏம்மா, நல்லா இருக்குன்னு சொன்னா சந்தோஷப்பட மாட்டியா? உன் பேரையும் போடப் போறேன். கூடுதல் குரல்னு தனி வரி."

பெயரா? வேறு வினையே வேண்டாம்.

காது அக்கா இரண்டையும் ஒத்துப் பார்ப்பதற்காகப் பழையதை மட்டும் அதன் முன்பின் பேச்சோடு தனியாக எடுத்து, ஒலியைக் கூட்டி, தன் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு முறை கேட்டாள். குனிந்து இன்னொரு முறை கேட்டாள். அவள் முகம் மாறியது.

"மாஸ்டர், உங்களப் பாக்கக் கீழ யாரோ புரொடியூசர் ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்களாம்."

"யாரு?"

"போய்ப் பாருங்களேன். எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

அவர் போனதும் அக்கா பட்டனை அமுக்கவில்லை. எழுந்து, பாடும் அறைக்குள்ளேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"பின்னாடி ஒரு ஆம்பளைக் குரல் கேக்குது. போன்ல இருந்து கசியுது. 'பாடிக் காட்டு'ங்கறான். யாரும்மா அது?"

ரெண்டாங்குரல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீட்டுக்காரரா?"

"அக்கா, அத அழிச்சிடுங்க அக்கா. உங்க கால்ல வேணா விழறேன். ஒரு பட்டன்தானே?"

"என் மெஷின்ல ஒரு பட்டன்தான். மாஸ்டர் அன்னிக்கு ராத்திரியே தன் வீட்டு மெஷினுக்கு எடுத்துட்டுப் போயிட்டானே. அவன்கிட்ட சொன்னாத்தான் போகும். நான் சொல்லட்டா?"

"ஐயோ, வேணாம்! மாஸ்டர் வாயில ஓட்டை. நாளைக்கு எல்லா ஸ்டூடியோவும் பேசும். இவர் காதுக்குப் போயிடும்."

"சொன்னா ஊர் கேக்கும். சொல்லாட்டி பாட்டா ஊர் கேக்கும். எதுடி உனக்குப் பரவாயில்ல?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல இருந்தது. தாய் வீட்டில் ஒரு முறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். "அன்பு இருக்கிறவன்தானே அடிக்கடி போன் பண்ணுவான்" என்றாள் அம்மா. அண்ணன் "மச்சான் தங்கமான மனுஷன், எங்களுக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் தள்ளுபடியில வாங்கிக் குடுத்தார்" என்றான். அதற்கப்புறம் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"போனக் குடு. மைக்குல அதிர்வு ஏறுது" என்று அக்கா அதை வாங்கிப்போய் வெளியே மேசையில் வைத்தாள். "இன்னொரு தரம் பேசு. நான் எப்படியாவது அவனை ஒத்துக்க வைக்கறேன்."

ஆனால் கதவைத் திறந்துகொண்டு மாஸ்டர் வந்தபோது தனியாக வரவில்லை.

"கீழ ஒருத்தரும் இல்ல அக்கா, உங்க காதுல பூச்சி போயிருக்கு. ஆனா யாரு வந்திருக்கார் பாருங்க! சார் சீக்கிரமே வந்துட்டார்."

இஸ்திரி போட்ட சட்டை, வாசனை, வாய் நிறையச் சிரிப்பு. வீட்டுக்காரர் எல்லாருக்கும் வணக்கம் வைத்தார். காது அக்காவின் நாற்காலியைப் பார்த்து "இதுக்கு முதுகு வலிக்குமேம்மா, நம்ம கடை மாடியில நல்ல நாற்காலி இருக்கு" என்றார். மாஸ்டருக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

"சார், உட்காருங்க. உங்க வீட்டம்மா என்ன பண்ணி வச்சிருக்காங்கன்னு கேட்டுட்டுப் போங்க."

"மாஸ்டர்!" என்று கத்தினாள் ரெண்டாங்குரல். கண்ணாடிக்குள் இருந்து கத்துவது, அந்த மைக்கை வெளி ஸ்பீக்கருக்குத் திறந்துவிட்டிருந்தால் மட்டுமே கேட்கும். கதவைத் தள்ளிக்கொண்டு அவள் ஓடி வருவதற்குள் பெரிய ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கிவிட்டது.

சுவரோரம் நின்றாள். பல்லவி போனது. சரணம் போனது. தாளம் நின்றது.

"இங்கதான் இருக்கேன்... தப்பு பண்ணல, ஆனாலும் மன்னிச்சிடுங்க..."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் கறுப்பதற்கு முன்னால் நெற்றியில் ஒரு நரம்பு எழும். அதற்காகக் காத்திருந்தாள்.

நரம்பு எழவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். டிரம் சேரச் சேர அவர் கால் தாளம் போட்டது. மாஸ்டர் பாட்டை நிறுத்தாமல் அந்த இடத்தை மட்டும் சுற்றவிட்டு, ஒலியைக் குறைத்து, "எப்படி சார்?" என்றார்.

"பிரமாதம்! பாவம் சார் அந்தப் பொண்ணு. கேக்கவே கஷ்டமா இருக்கு. ஒருத்திய இப்படிக் கெஞ்ச விடறான்னா அவன்லாம் என்ன மனுஷன்?" என்றார். உண்மையாகவே சொன்னார். கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது.

இத்தனை வருஷமாக அவரிடமே சொன்ன வார்த்தை. அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அவர் எழுந்து அவள் பக்கத்தில் வந்தார். மற்றவர்களுக்குச் சிரித்த முகம் தெரிந்தது. குரல் அவளுக்கு மட்டும் வந்தது.

"ரெண்டு தடவை போன் அடிச்சேன். எடுக்கல. எங்க போயிருந்தே?"

மேசையில் அவள் போன் கிடந்தது. வழக்கமான பதில் தொண்டைக்கு ஏறி வந்தது. அவள் வாயைத் திறந்தபோது ஸ்பீக்கர் முந்திக்கொண்டது.

"ஆனாலும் மன்னிச்சிடுங்க... ஆனாலும் மன்னிச்சிடுங்க..."

"கேக்கறேன்ல?" என்றார் அவர், அதற்கு மேலேயே.

அவள் வாயை மூடிக்கொண்டாள். இன்னும் எவ்வளவு நன்றாகச் சொன்னால் இவருக்குக் கேட்கும்? எத்தனையாவது டேக்கில் இவர் சரி என்பார்? மாஸ்டராவது முதல் டேக்கே பிடித்திருக்கிறது என்றார்.

"மாஸ்டர்" என்றாள். "அது நடிப்பு இல்ல. போன்ல பேசினது. இவர்கிட்டப் பேசினது."

மாஸ்டர் சிரிக்கப் போனவர் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பாட்டை அணைக்கக் கை நீட்டினார். பதற்றத்தில் வேறெதையோ தொட, அது இன்னும் சத்தமாகச் சுற்றியது.

"என்னம்மா காமெடி பண்றே?" வீட்டுக்காரரின் சிரிப்பு அப்படியே இருந்தது, கடையில் திருப்பிக் கொண்டுவந்த பொருளைப் பார்க்கிற சிரிப்பு. "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

அந்த 'பேசிக்கலாம்' என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அப்படியே சரிந்து அக்காவின் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"வரல."

"எழுந்திரு."

"வரல. அக்கா, இன்னிக்கு நான் உங்க வீட்டுக்கு வரட்டுமா? எனக்கு வேற யாரும் இல்ல."

காது அக்கா ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினாள். அறையில் சத்தம் அறவே நின்றது. அந்த அமைதியில் வீட்டுக்காரர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஒருவரும் அவருக்குத் திரும்பச் சிரிக்கவில்லை. அவர் நெற்றியில் நரம்பு இப்போது எழுந்தது. அக்கா எழுந்து இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, மாஸ்டரிடம் சொன்னாள்:

"தம்பி, கீழ வாட்ச்மேனைக் கூப்பிடு. ரெக்கார்டிங் ஓடிட்டேதான் இருக்கு, அத நிறுத்தாத."