மின்னல் எழுதிய குவெரி

ஆண்டுப் பரிசோதனைக்கு வரவேண்டியவர்களின் பட்டியல் அந்த மருத்துவமனைக் கணினியில் திறப்பதற்குள் பாதி நோயாளிகள் தானாகவே குணமாகிவிடுவார்கள்; மீதிப் பேர் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்தே தலைசுற்றிப் படுத்துவிடுவார்கள். எல்லாம் ஓஆர்எம் செய்கிற வேலை. புரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே நின்று தகவல் எடுத்துக்கொடுக்கிற மகாராசன் அவன். உப்புக்கு ஒரு நடை, சர்க்கரைக்கு ஒரு நடை என்று ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக ஓடுவான்.

கைவேகத்துக்காக 'மின்னல்' என்று பெயர் வாங்கிய புரோகிராமர் அவனை ஓரங்கட்டிவிட்டு, டேட்டாபேஸிடமே நேராக ஒரே குவெரியில், அதாவது ஒரே கேள்வியில், எல்லாவற்றையும் கேட்டார். பட்டியல் கண் இமைப்பதற்குள் வந்து நின்றது.

"எல்லாப் பக்கத்துக்கும் இதையே போட்டுடலாமாண்ணே?" என்றாள், புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர்.

"வேணாம்மா. சில்லறை வேலைக்கெல்லாம் அவனே போதும். அவனும் பொழைக்கணும்ல."

மறுநாள் காலை பல் துலக்கும்போது அவர் போனுக்கு, அந்தப் பட்டியலிலிருந்து தானாகக் கிளம்பும் மருத்துவமனைச் செய்தி வந்தது. உங்கள் மனைவியை நாளை பரிசோதனைக்கு அழைத்து வரவும்.

"ஏம்மா, நாளைக்கு உனக்கு..." என்று வாயில் நுரையோடு சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டார். அடுப்பு சுத்தமாக இருந்தது. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது.

பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றபோதுதான் புரிந்தது. இறந்தவர்களை விட்டுவிடு என்ற நிபந்தனையை யாரோ ஓஆர்எம்முக்குள் எழுதி வைத்திருந்தார்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் யாரும் சொல்லாமலே அவன் அதைச் செய்துவந்திருக்கிறான். இவருடைய குவெரிக்கு அது தெரியாது.

அலுவலகத்தில் போன் ஓயவில்லை. "ஒரு அம்மா அழுதுட்டே இருக்காங்கண்ணே. பையனைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கோமாம். அடுத்த மெசேஜெல்லாம் இப்பக் கிளம்பிடும். பழசுக்கே மாத்திடலாமா?" என்றாள் டெஸ்டர்.

"பழசுல பட்டியல் வர்றதுக்கே சாயங்காலம் ஆயிடும். ஒரு வரி சேத்தாப் போதும்."

குவெரியைத் திறந்தார். கீழே பட்டியலில் மனைவியின் பெயர் இருந்தது, வயதோடு, 'வர வேண்டியவர்' என்ற குறிப்போடு. ஊரே மெச்சிய விரல்கள் அசையவில்லை.

"நான் அடிக்கட்டாண்ணே?"

"இல்லம்மா." அந்த ஒரு வரியை அவரே அடித்தார்.

"சரியா வருதான்னு பாக்க, இறந்துபோன யாரோட நம்பராவது வேணுமே."

அவர் ஒரு நோயாளி எண்ணைச் சொன்னார்.

"மனப்பாடமா வெச்சிருக்கீங்க."

"ரொம்ப நாள் வந்து போனவங்க."

அவள் தேடிப் பார்த்தாள். "இல்லண்ணே. பட்டியல்ல இல்ல. சரியாயிடுச்சு."

"ம்," என்றார். "அனுப்பிடு."