ஆடாத கோடு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுநிலை எங்கே என்று கேட்காதீர்கள். ஹ்சின்ச்சூ நகரத்தில், மார்பில் ஒட்டிக்கொண்டு இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் கருவி செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. கருவியோடு பெட்டிக்குள் போகும் விளக்கத்தாளை எழுதுகிறவள் நான். ‘எந்நேரமும் ஆடாத, தெளிவான கோடு’ என்று எழுதச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். இதுதான் வந்தது.

முதல் தொடக்கம்: ‘அன்று காலையும் ஹ்சின்ச்சூவின் காற்று ஸ்கூட்டர்களைச் சாய்த்துப் போட்டு’ (வேண்டாம். காற்று யாரையும் ஏமாற்றவில்லை.)

இரண்டாவது: ‘இதயத்தின் மின்சாரம் மிகச் சிறியது. ஆயிரம் மடங்கு பெருக்கினால்தான் கண்ணுக்குத் தெரியும்.’ இது இருக்கட்டும்.

2

அந்தப் பெருக்கியை வடிவமைத்தவள் லியென் சூ-ஹுய். பெருக்கும்போது இதயம் மட்டுமா பெரிதாகும்? மூச்சும் தோள் அசைவும் கூடவே பெரிதாகும். கோடு மெல்ல ஏறி இறங்கும். எங்கள் தலைவர் ஹுங் போ-யுவானுக்கு அது பொறுக்கவில்லை. இருவரும் ஒரே கல்லூரி. அவர் மூத்தவர் என்பதால் அவளுக்கு அண்ணன்.

“கோடு ஏன் குடிகாரன் மாதிரி ஆடுது?”

“மூச்சு விடுறவங்களுக்கு ஆடத்தான் அண்ணே செய்யும். பொணத்துக்குத்தான் ஆடாது.”

“கடைக்காரன் இத வாங்க மாட்டேங்குறான். மெதுவா வர்றதையெல்லாம் வெட்டிவிடு.”

“மாரடைப்பு அந்த மெதுவா வர்றதுலதான் தெரியும். ஊசிமுனை மாதிரி எழும்புதுல்ல, அதுக்குப் பின்னால ஒரு மேடு கிளம்பும். வெட்டினா மேடும் படுத்துடும்.”

“ஆயிரத்துல ஒருத்தனுக்கு.”

“அந்த ஒருத்தன்தான் அண்ணே இத வாங்குவான்.”

போ-யுவான் வேறொரு ஆளை வைத்து, மெதுவான அசைவை வடிகட்டுகிற ஒரே ஒரு மின்தேக்கியை மாற்றினார். கோடு படிந்தது. மகிழ்ச்சியில் கருவியின் மேல் ஒரு பச்சைப் பொட்டலத்தையும் வைத்தார். எங்கள் ஊரில் எல்லா இயந்திரத்தின் தலையிலும் அந்த மக்காச்சோளப் பொரி இருக்கும், இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கட்டும் என்று; அந்தப் பொரியின் பெயருக்கே ‘சமத்து’ என்றுதான் பொருள். அங்கே இருக்கும் வரை அதை யாரும் பிரிப்பதில்லை, பிரித்தால் இயந்திரம் படுத்துவிடும் என்று பயம்.

முன்பு ஒரு மாரடைப்பு நோயாளியிடம் பதிவு செய்து வைத்திருந்த துடிப்பை சூ-ஹுய் கருவிக்குள் செலுத்தினாள். மேடு இல்லை. பச்சைப் பிள்ளையின் இதயம் போல ஓடியது கோடு. பொட்டலத்தை எடுத்தாள், கிழித்தாள், தின்னத் தொடங்கினாள். போ-யுவான் ஓடி வந்தார்.

“என்ன காரியம் பண்றே நீ?”

“இனிமே இதுக்கு இது எதுக்கு அண்ணே? சொன்ன பேச்ச ரொம்பவே கேக்குது. சாவையே மறைச்சுக் குடுக்குதே.”

நானும் ஒரு பிடி வாங்கித் தின்றேன்.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல். போ-யுவானைக் கயவனாக்கிவிட்டால் கதை சுளுவாக முடிந்துவிடும். இரண்டு பத்தி எழுதியும் பார்த்தேன்: தங்கக் கடிகாரம், கள்ளச் சிரிப்பு. கிழித்துப் போட்டேன். அவரிடம் கடிகாரமே கிடையாது.* அவர் தன் கோட்டை மனதார நம்புகிறார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பொய் சொல்கிறவனுக்காவது உண்மை எது என்று தெரியும்.

நம்பியதால்தான் புதுக் கருவிகளில் முதலாவதை, பக்கத்து மாவட்டம் மியாவ்லியில் இருக்கும் தன் அப்பாவுக்குக் கொடுத்தார்.

(* திருத்தம்: இருந்தது. சோதனை மேசையில் அமிலம் கொட்டிப் போய்விட்டது. கதைக்கு இது தேவையில்லை, ஆனாலும் தானே இறங்கி வேலை பார்க்கிற ஆள் அவர்.)

4

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவர் அப்பா அழைத்தார். போ-யுவான் ஒலிபெருக்கியில் போட்டார், எங்களுக்குப் பெருமை காட்ட.

“காலையிலருந்து நெஞ்சு இறுக்கமா இருக்குடா. தாடையெல்லாம் வலிக்குது. ஒங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றா. நான்தான், மகன் செஞ்ச மெஷினு நல்லாருக்குன்னு காட்டுதே, சும்மா கெடன்னேன்.”

அப்பாவின் மார்பில் இருந்த கருவி அனுப்பிய கோடு போ-யுவானின் கைப்பேசிக்கு வந்தது. அழகான கோடு. ஆடவே இல்லை.

சூ-ஹுய் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். “அண்ணே, கோட்டப் பாக்காதீங்க. ஆம்புலன்ஸ அனுப்புங்க.”

“கோடு சரியாத்தானே...”

“கோடு யாரு சொல்லி சரியா இருக்குது?”

அனுப்பினால் கருவி பொய் என்று அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டதாகும். அனுப்பாவிட்டால்...

5

முடிவு அ: ஆம்புலன்ஸ் போகிறது, கிழவர் பிழைக்கிறார், மின்தேக்கி மாறுகிறது, அண்ணனும் தங்கையும் சிரிக்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்கும். கடைக்காரருக்கும் பிடிக்கும்.

முடிவு ஆ: கிழவர் சாகிறார், மகன் அழுகிறார், நாம் எல்லோரும் பாடம் கற்கிறோம். ஒரு மனிதன் செத்துத்தான் நமக்குப் பாடம் வரவேண்டுமா?

இரண்டையும் எழுத மாட்டேன். இரண்டுமே மேடு பள்ளத்தை வெட்டிச் சமன் செய்த கோடுகள்தான். அந்த வேலையைச் செய்ய எங்கள் கம்பெனியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

என்னிடம் இருப்பது இவ்வளவே: போ-யுவான் கைப்பேசியை வாயருகே கொண்டு போகிறார். மறுமுனையில் அப்பா, “வேர்க்குதுடா,” என்கிறார். போ-யுவான் வாய் திறக்கிறார்:

“அப்பா, நீங்க

அந்த வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். நன்றாக யோசித்து, அழகாகவெல்லாம் வேண்டாம். சீக்கிரம்.