கட்டுநாயக்கா வரைக்கும் ஓர் இடம்

கலந்தர் காருக்கு அடியில் மணலில் மல்லாந்து கிடந்தான். டிரைவரின் இருக்கையில் அவன் மனைவி சபூறா இருந்தாள். அவன் "மிதி" என்றால் கிளச்சை மிதிப்பதும் "விடு" என்றால் விடுவதும் அவள் வேலை. போவதற்கென்று உடுத்திய புதுச் சேலையை முழங்காலுக்குள் ஒதுக்கிக்கொண்டு, இரண்டு கால்களாலும் மிதித்தாள்.

அவளை ஏற்றிப்போகத்தான் அந்தக் கார் காலையில் மருதமுனைக்கு வந்திருந்தது. மறுநாள் விடிய கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து குவைத்துக்குப் பிளேன். ஒரு வீட்டில் இரண்டு வருடம் வேலை. மாரி வெள்ளத்தில் இரண்டு கிழமை நின்ற கார் அது. கிளச்சை மிதித்தாலும் கியர் விழவில்லை. டிரைவர் நல்லரெத்தினம் கியரைப் போட்டு வைத்தே ஸ்டார்ட் பண்ணி, ஒரே கியரில் ஒழுங்கை வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இப்படியே கண்டி மலை ஏற முடியாது. அவரும் ஏஜென்ட் மக்கீனும் வேறு கார் தேடிக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள்.

சபூறா நெய்த தறிக்கொட்டில் போன வருடம் மூடப்பட்டது. கப்பலில் வந்திறங்கிய மலிவுத் துணிக்கு முன்னால் கைத்தறிச் சாரன் விலைப்படவில்லை. சூறாவளி கூரையைக் கொண்டுபோன அவர்களுடைய வீட்டுக்கு இன்னும் கிடுகுதான். கலந்தர் வேலை செய்த கராஜும் அந்தக் காற்றோடு போனதுதான். கலியாணம் முடித்து மூன்று வருடம். ஒரு நாள்கூட அவர்கள் பிரிந்து படுத்ததில்லை.

அவள் மிதிக்கும்போதெல்லாம் கிளச்சைத் தள்ளும் இரும்புக் கை முழுத் தூரமும் போய்வந்தது. எண்ணெய் ஒழுகவில்லை. அப்படியென்றால் பிழை உள்ளேதான். ஈரத்தில் துருப்பிடித்துக் கிளச் பிளேட் எஞ்சின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது. கியர்பெட்டியைக் கழற்றினால் இரண்டு நாள் வேலை. கழற்றாமலும் ஒரு வழி இருந்தது. அவன் அசையாமல் கிடந்தான்.

"என்னவாம்?" என்று மேலிருந்து கேட்டாள்.

"ஒட்டிப் பிடிச்சிரிக்கி."

பிறகு அவள் குரல் தாழ்ந்து வந்தது. "திருத்த ஏலாண்டு அவங்களுக்கிட்ட செல்லுங்களன்."

அவன் இரும்புக் கையைப் பார்த்தபடி இருந்தான். அவள் காலை எடுக்காததால் அது தள்ளியபடியே நின்றது.

"சும்மா செல்லிப் பாத்த" என்றாள். "ஆக வேண்டியதப் பாருங்க."

போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ளுஹர் தொழுகைக்கு முதல் வெளிக்கிடாவிட்டால் பிளேன் இல்லை, விசாவும் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார் மக்கீன். கலந்தர் எழுந்து முதுகு மணலைத் தட்டினான். சரிப்படுத்தித் தருவதாகச் சொன்னான்.

"கூலி வேணாம் முதலாளி. எனக்கும் ஒரு இடம் தாங்க. கட்டுநாயக்கா மட்டும்."

கல்முனையில் ஏறப்போவது ஒரு பெண்தான், பின்சீட்டில் இடம் இருக்கிறது என்று மக்கீன் சம்மதித்தார்.

எஞ்சினை நன்றாகச் சூடேறவிட்டு நிறுத்தினான். கியரைப் போட்டுச் சாவியைத் திருப்ப, கார் குதித்துக்கொண்டு புறப்பட்டது. கடற்கரைப் பாதையில் ஆளில்லை. கிளச்சை அடிவரை மிதித்தபடியே வேகம் கொடுத்தான். சட்டென்று பிரேக்கை அமுக்கினான். திரும்பவும் வேகம், திரும்பவும் பிரேக். ஒவ்வொரு தடவையும் நெற்றி கண்ணாடிவரை போய்வந்தது. ஏழாம் தரமோ எட்டாம் தரமோ அடியில் 'டக்' என்று பிளேட் விடுபட்டது. கார் நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. கியர்த்தடியை ஒரு விரலால் தள்ளினான். விழுந்தது. கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டு வந்தான்.

சவர்க்காரம் போட்டுக் கைகளைத் தேய்த்து, பெருநாள் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் ஏறினான். பாண்டிருப்புத் தாண்டும்போது சபூறா சேலைத் தலைப்புக்குக் கீழே அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். இரவு மலையில் குளிருமாமே என்று கேட்டாள். இன்னும் பத்து மணித்தியாலம் இருக்கிறது என்று அவன் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான்.

கல்முனை பஸ் நிலையத்தில் இரண்டு பெண்கள் பெட்டிகளோடு நின்றார்கள்.

மக்கீன் இறங்கிப் போய்க் கதைத்தார். திரும்பிவந்து கலந்தரின் பக்கக் கதவைத் திறந்தார்.

"ஒரு ஆள் கூடிட்டுது. நீ இறங்கு தம்பி. உன்ட கூலிய மறுகா பாப்பம்."

நல்லரெத்தினம் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார். கலந்தர் சபூறாவைப் பார்த்தான். அவள் கை இன்னும் விடவில்லை. வந்த பெண்களில் ஒருத்தி கதவருகே நின்றாள். அவளும் அழுதுதான் வந்திருந்தாள். அவன் இறங்கி அவளுக்கு வழிவிட்டான்.

கார் அசையத் தொடங்கியதும் சபூறா மடியிலிருந்த சோற்றுப் பொதியை யன்னலால் நீட்டினாள். வழியில் இருவருமாகச் சாப்பிடக் கட்டியது.

"திண்டுட்டுப் போங்க" என்றாள்.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வாழையிலை வழியே சோற்றின் சூடு உள்ளங்கையில் ஏறிக்கொண்டிருந்தது.