மரிவிக் வன்னியபெருமாள்

வன்னியபெருமாளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தூத்துக்குடி மார்க்கெட்டில் அவர் கருப்பட்டி அண்ணாச்சி. உடன்குடியிலிருந்து சரக்கு கொண்டுவருகிற வேன்காரர்களுக்கு மொதலாளி. மாப்பிள்ளையூரணியில் அக்கம்பக்கத்தாருக்குப் பச்சை கேட் வீட்டுக்காரர். மனைவி சண்முகவடிவு நாற்பது வருடத்துக்குப் பக்கம் கூட வாழ்ந்தாள். ஒரு தடவைகூட அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் கார்டை நீட்டி, "எழுதித்தான இருக்கு, கண்ணு தெரியலையா?" என்று கேட்டவரையே அதட்டுவாள். 'வன்னி' என்று கூப்பிட்ட கூட்டாளிகள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தாயிற்று. சண்முகவடிவும் போய்விட்டாள். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்டு பில்லில் வருவதோடு சரி, அவர் பெயர்.

அதனால், தனிப்பிரிவு ஏட்டு ஞானதீபம் ஒரு காலையில் கடைக்கு வந்து, ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி அந்தப் பெயரை வாசித்தபோது அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"அண்ணாச்சி, மரிவிக் வன்னியபெருமாள்னு யாரு?"

"வன்னியபெருமாள் நான்தான். அதுக்கு முன்னால என்னமோ சொன்னீரே, அது என்னது?"

"பிலிப்பைன்ஸ்காரங்க. உங்க மகன் சிவபாலன் சம்சாரம்னு போட்டிருக்கு. இங்கன வந்து தங்குததுக்கு விசா கேட்டிருக்காங்க. உங்க வீட்டு அட்ரஸ் குடுத்திருக்காங்க. ஆளு நெசந்தானா, வீட்டுல தங்கவைப்பாங்களான்னு ஒரு விசாரணை, அவ்வளவுதான்."

கடையில் சாயல்குடிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டபடி நின்றிருந்தார்கள். மெல்லுவதை நிறுத்தினார்கள்.

மகன் சிவபாலன் தோஹாவில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த மரிவிக்கை விரும்பி, அவளுடைய ஊருக்கே போய், அந்த ஊர் மேயர் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் போன் செய்தான். "கல்யாணத்துக்கு மேயர் போதும்னா எனக்குக் கொள்ளி வைக்கவும் அவரையே கூப்பிடு" என்று போனை வைத்தவர், அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சண்முகவடிவு மட்டும் வீடியோவில் அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். என்ன பாஷையில் பேசினார்கள் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. சிரிப்பு மட்டும் அடுப்படியிலிருந்து கேட்கும். அவள் சாவுக்கு மகன் தனியாகத்தான் வந்தான். மரிவிக்குக்கு லீவும் கிடைக்கவில்லை, விசாவும் கைக்கு வரவில்லை. வர மனசிருந்தால் வந்திருப்பாள் என்று வன்னியபெருமாள் அதையும் அவள் கணக்கில் எழுதிக்கொண்டார்.

போன வாரம்தான் மகன் போனில் சொல்லியிருந்தான்: "இங்கன காண்டிராக்ட் முடியுது ப்பா. ஊருக்கே வந்திரலாம்னு பாக்கோம். ஹார்பர்ல கிளியரிங் ஆபீஸ்ல வேலை சொல்லியிருக்காங்க. அவளைக் கனடாவுல ஒரு ஆஸ்பத்திரியில கூப்பிடுதாங்க. ஆனா அவளுக்கும் நம்ம வீட்டுக்கு வரத்தான் ஆசை. விசா கிடைச்சா ஊரு, கிடைக்கலைன்னா கனடா." இதில் ஊருக்கு வருவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, மீதியை அவர் விட்டுவிட்டார். மகன் வருவான். அவன் மட்டும் வருவான். எப்படி என்று யோசிக்கவில்லை.

இப்போது சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, போலீஸ்காரர் கையில் தன் பெயர். அவருக்குச் சுரீரென்று ஏறியது. பெற்ற மகனுக்கே தன் பெயரில் முதலெழுத்து ஒன்றைத்தான் கொடுத்திருந்தார். முகம் தெரியாத ஒருத்தி முழுசாக எடுத்துக்கொண்டாளே!

"அப்படி ஒருத்தி எங்க வீட்டுல இல்ல."

"இனிமே வரப்போறவங்க அண்ணாச்சி. இப்ப இருக்காங்களான்னு கேக்கல."

"இல்லன்னா இல்லதான். எழுதிக்கிடும்."

ஞானதீபம் நல்ல மனுஷன். தாளை மடக்கப் பார்த்தார். "யோசிச்சு வையுங்க, நாளைக்கு வாரேன்."

"நாளைக்கு வந்தா கருப்பட்டி வெலை வேணா மாறும்."

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஞானதீபம் பேனாவைத் திறந்து, 'மரிவிக் வன்னியபெருமாள் என்பவர் இம்முகவரியில் இல்லை. குடும்பத்தாருக்குத் தெரியாதவர்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். வன்னியபெருமாள் அன்று மத்தியானம் வரை ஜெயித்தவர் மாதிரி வியாபாரம் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேட்டைத் திறந்ததும் அந்த ஜோர் இறங்கிவிட்டது. மெஸ்ஸில் வாங்கின இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னாள். "வணக்கம்" என்றார். கொஞ்ச நாளாகவே அவர் அப்படிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்குத் தெரிந்தால் அசிங்கம். ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ரோட்டில் போகும்போது ஜன்னல் கம்பி அதிரும். வீட்டில் அவரைத் தவிர அசைகிற பொருள் அது ஒன்றுதான்.

சில வாரம் கழித்து மகன் கூப்பிட்டான். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தார். போடவில்லை.

"விசா இல்லைன்னுட்டாங்க ப்பா. வீட்டுல விசாரிச்சதுல தெரியாதுன்னு சொன்னாங்களாம். நீங்களா சொன்னீங்க?"

வன்னியபெருமாள் மேசையில் சிந்திக் கிடந்த கருப்பட்டித் தூளைக் கையால் கூட்டினார்.

"அவ அழுதா. உங்க மேல கோவமெல்லாம் இல்ல. மாமாவுக்குப் பிடிக்கலைன்னா பேரைத் திருப்பி மாத்திக்கிடட்டுமான்னு கேக்கா."

"அவளை யாரு எம்பேரை எடுக்கச் சொன்னது?"

"அவங்க ஊர்ல கல்யாணம் ஆனா மாப்பிள்ளை குடும்பப் பேரைச் சேத்துக்கிடுவாங்க ப்பா. நமக்கு ஏது குடும்பப் பேரு? என் பாஸ்போர்ட்ல அந்த இடத்துல உங்க பேருதான் இருக்கு. அதை எடுத்துக்கிட்டா. வேணும்னே செய்யல. இங்கன ஆஸ்பத்திரியில எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுதாங்க. நர்ஸ் வன்னியபெருமாள்."

"என்னது?"

"நர்ஸ் வன்னியபெருமாள். டாக்டர், பேஷண்ட், மலையாளி, அரபி, எல்லாரும். மொதல்ல யாருக்கும் வாயில நுழையல. இவ ஒவ்வொருத்தருக்கா சொல்லிக்குடுத்தா."

வன்னியபெருமாள் போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டார். கேட்கக் கூடாத கேள்வி போல இருந்தது. கேட்டுவிட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுவாங்க?"

மகனுக்குப் புரியவில்லை. "அது யாரு எண்ணுதா? நாள் பூரா கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க."

அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. எங்கோ கடல் தாண்டி, காய்ச்சல்காரர்கள் தண்ணீர் கேட்டு, வலிக்கிறவர்கள் ஊசி கேட்டு, தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒரு பெண் 'இதோ வந்தேன்' என்று ஓடுகிறாள். அவளைத்தான் தெரியாது என்று எழுதிக் கொடுத்தோம் என்று நினைத்தபோது, அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு எஸ்.பி. ஆபீசுக்குப் போனார். அங்கே, எழுதினது எழுதினதுதான், அவங்க புதுசா விண்ணப்பம் போடணும், மறுபடி விசாரணை வரும் என்றார்கள். மகனிடம் சொன்னார். "சரி ப்பா, போடுதோம். ஆனா கனடாக்காரங்க ரொம்ப நாள் காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க" என்றான். வன்னியபெருமாளுக்கு வேகம் பிடித்துவிட்டது. இ-சேவை மையத்தில் போய் வரிசையில் நின்றார். வீட்டு வரி ரசீது, கரண்டு பில், ஆதார், முத்திரைத்தாளில் உறுதிமொழி. டைப் அடித்த பேச்சிச்செல்வி நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"தங்கப்போறவங்க பேரு?"

"மரிவிக்."

"முழுப் பேரு சொல்லுங்க அண்ணாச்சி."

"வன்னியபெருமாள்."

"உங்க பேரைக் கேக்கல. அவங்க பேரு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா." சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

"என்ன உறவு?"

"மருமக." பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அதற்குப் பிறகு ஊர் ஒரு வேடிக்கையைப் பார்த்தது. போலீஸ் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற மார்க்கெட்டில், போலீஸ் எப்போது வரும் என்று ஒரு மனுஷன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடி அறைக்கு வெள்ளையடித்தார். அவர்கள் ஊரில் மூன்று வேளையும் சோறுதான் என்று மகன் சொன்னதைக் கேட்டு, "பெறகு என்ன, நம்ம ஆளுதான்" என்று பெரிய குக்கர் ஒன்று வாங்கினார். கருவாடு என்றால் உயிராம். திரேஸ்புரம் போய் நல்ல நெத்திலிக் கருவாடாகப் பார்த்து வாங்கி, டப்பாவில் போட்டு இறுக மூடி வைத்தார்.

கடைசியில் ஞானதீபம் வந்தார், வீட்டுக்கே. அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து, மாடி அறையைத் திறந்து காட்டி, ஃபேனையும் போட்டுக் காட்டினார்.

"அப்ப ஏத்துக்கிடுவீங்கன்னு எழுதலாமா அண்ணாச்சி?"

"நல்லாப் பெரிசா எழுதும்."

ஞானதீபம் எழுதிக்கொண்டு போனார். காகிதம் எங்கெங்கோ போயிற்று. எந்த மேசையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மகனிடமிருந்து போன் வருவது குறைந்தது. இவர் கூப்பிட்டால், "இன்னும் ஒண்ணும் சொல்லல ப்பா" என்பான். பிறகு, "டியூட்டியில இருக்கேன் ப்பா" என்பான். கார்த்திகை மழையில் வெள்ளையடித்த சுவரில் ஓதம் ஏறியது. மறுபடியும் வெள்ளையடித்தார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஞானதீபம் பைக்கைக்கூட நிறுத்தாமல் கடைக்கு முன்னால் கத்தினார்: "அண்ணாச்சி, உங்க மருமகளுக்கு விசா கிடைச்சிருச்சு! ஆபீசுக்குத் தகவல் வந்திருக்கு!"

கடையில் நின்ற எல்லோருக்கும் ஆளுக்கொரு கருப்பட்டியை எடுத்து நீட்டினார் வன்னியபெருமாள். மகனுக்குப் போன் போட்டார்.

"ஏலே, கிடைச்சிருச்சுல்லா! எப்ப வாரீங்க? மாடி ரூம்பு ரெடியா இருக்கு."

இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தார். போகவில்லை.

"ப்பா... நேத்துத்தான் எங்களுக்கும் தெரியும். கனடாக்குச் சரின்னு கையெழுத்துப் போட்டு ஒரு மாசமாச்சு. மொத தடவை இல்லைன்னதும் அவ பயந்துட்டா ப்பா. மறுபடியும் இல்லைன்னு சொல்லிட்டா ரெண்டுமே போயிருமேன்னு. டிக்கெட் எடுத்தாச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான்..."

மொத தடவை. மகன் குத்திக் காட்டவில்லை, நடந்ததைச் சொன்னான். அதனால்தான் அதிகம் வலித்தது. போகாதே என்றும் சொல்ல முடியாது, போ என்றும் சொல்ல முடியாது. கடையில் ஆட்கள் கருப்பட்டி தின்றுகொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல வேலையா?"

"நல்ல வேலை ப்பா."

"குளிருமே."

"குளிரும். லீவு கிடைக்கும்போது கண்டிப்பா வாரோம். பேரை மாத்தல ப்பா அவ. அங்கன பிள்ளை பொறந்தாலும் உங்க பேருதான் குடும்பப் பேராப் போடுவாங்க. அதுக்கப்புறம் அதுங்க பிள்ளைக்கும் அதுதான்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி, "மாமா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டது. சண்முகவடிவு சொல்லிக் கொடுத்ததாக இருக்கும்.

"சாப்பிட்டேம்மா" என்றார். சாப்பிடவில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். பனி மூடிய ரோட்டின் படம் ஒன்று வந்தது. இரண்டு பேரும் அடையாளமே தெரியாத அளவுக்குப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். மரிவிக் கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்கியது. விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தன் பெயர்தான். வன்னியபெருமாள் இதுவரை கயத்தாறு தாண்டிப் போனதே நாலைந்து தடவைதான். பெயர் மட்டும் கனடா போய்ச் சேர்ந்துவிட்டது.

பங்குனி வெயிலில் ஒருநாள் ஞானதீபம் மறுபடி பச்சை கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி. விசா குடுத்து நாளாச்சாம். அந்த அம்மா வந்து தங்கியிருக்காங்களான்னு பாத்து எழுதி அனுப்பச் சொல்லுதாங்க. எனக்கு விஷயம் தெரியும். ஆனா எழுதித்தான ஆகணும்."

"மேல ஏறிப் பாத்துக்கிடும்."

"வேண்டாம் அண்ணாச்சி."

"இல்ல, பாத்துட்டே எழுதும்."

ஞானதீபம் மாடி ஏறினார். வெள்ளையடித்த அறை, பிரிக்காத மெத்தை, அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்த குக்கர். இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். பழைய தாளும் அதில்தான் இருந்தது. அவசரமாக அதை அடியில் தள்ளினார். வன்னியபெருமாள் பார்த்துவிட்டார்.

"பேரைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே எழுதும்" என்றார்.

ஞானதீபம் நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி, சொல்லிக்கொண்டே எழுதினார்.

"மரிவிக் வன்னியபெருமாள் என்பவர் இம்முகவரியில் இல்லை."

அன்றைக்கு எழுதிய அதே வார்த்தைகள். அன்றைக்குக் கூடவே 'குடும்பத்தாருக்குத் தெரியாதவர்' என்ற பொய்யும் இருந்தது. வன்னியபெருமாள் பேனாவை வாங்கினார். இந்தத் தடவை எழுதியிருந்ததில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அடியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.