கொட்டிய தண்ணீர்

பேகம்பூரில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்ப்பது ஹாஃபிஸாவின் வேலை. ஆறு வருடப் பழக்கம். டார்ச் அடித்ததுமே எது தூசு, எது புழு என்று தெரிந்துவிடும். இடியாப்பம் அவித்து விற்கும் சைதூன் வீட்டு நீல டிரம்மில் அன்று நெளிந்தவை புழுக்களேதான்.

குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாளாகியிருந்தது. அடுத்து எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது.

"மருந்து ஊத்துறேன்க்கா. ஒண்ணும் செய்யாது."

"ஏம்புள்ள, குடிக்கிற தண்ணியில மருந்தா? வேண்டவே வேண்டாம்."

"அப்பக் கொட்டத்தான் வேணும். பக்கத்துச் சந்துல ரெண்டு பேருக்கு டெங்கு."

இருவரும் சேர்ந்தே டிரம்மைச் சாய்த்தார்கள். சாக்கடைக்கு ஓடிய தண்ணீரைச் சைதூன் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹாஃபிஸாவுக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் ஒரு காய்ச்சலைத் தடுத்துவிட்டோம் என்ற நிம்மதியோடு அடுத்த வீட்டுக்குப் போனாள். அது நூர் அகமதுவின் வீடு, பூட்டியிருந்தது.

ஐந்தாம் நாள், சைதூனின் கணவர் இஷாக்கை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சேதி வந்தது. டெங்குதான் என்று ஹாஃபிஸா பதறி ஓடினாள். டெங்கு இல்லை, வாந்தி, வயிற்றுப்போக்கு. டிரம் காலியானதும், யாரும் புழங்காத பழைய கிணற்றில் இறைத்துக் குடித்திருக்கிறார்கள்.

"நீ அன்னைக்குக் கொட்டாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்த சைதூன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு கட்டில் தள்ளி நூர் அகமது படுத்திருந்தார். அவருக்கு டெங்கு.

ஹாஃபிஸா இரண்டு கட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கொட்டியதால் இஷாக் காய்ச்சலுக்குத் தப்பினாரா, கொட்டியதால்தான் இங்கே டிரிப்ஸோடு கிடக்கிறாரா? டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"ரெண்டும் இருக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியிடம் நகர்ந்தார்.

வாசலில், டெங்குக் கணக்கெடுக்க வந்திருந்த மேற்பார்வையாளர் சார்லஸிடமும் கேட்டுப் பார்த்தாள்.

"நம்ம வேலை புழு. தண்ணிக்கு வேற ஆளுக இருக்காங்க."

"நோவு வார உடம்பு ஒண்ணுதானே சார்?"

"எனக்கும் புரியலம்மா" என்றார்.

அதிலிருந்து மூன்றாம் நாள் இஷாக் வீடு திரும்பினார். மறுவாரம் ஹாஃபிஸா போனபோது குழாயில் தண்ணீர் வந்து டிரம் நிறைந்திருந்தது. மறுபடி புழு. சைதூன் டிரம்முக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"கொட்ட மாட்டேன்க்கா. பழைய வேட்டி இருந்தாக் குடுங்க."

குடங்களிலும் அண்டாவிலும் துணி கட்டி வடித்தார்கள். டிரம்மின் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தார்கள். திரும்ப ஊற்றி, வாயில் வேட்டியை இறுக்கிக் கட்டினார்கள். ஒரு மணி நேரம் போய்விட்டது. பார்க்க வேண்டிய வீடுகள் இன்னும் முப்பதுக்கு மேல்.

"காய்ச்சிக் குடிங்கக்கா."

"இம்புட்டுத் தண்ணியக் காய்ச்ச கேஸுக்கு எங்க போக?"

ஹாஃபிஸா வேட்டியின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

"இனிமே ஒண்ணும் வராதுல்ல?" சைதூன் கேட்டாள்.

வராது என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. "தெரியலக்கா" என்றாள்.